தெருவில் வசூலான பணம்: பிளாக்ஸ்ப்ளாய்டேஷன் குற்றப் படங்களின் அரசியல்

1972இல் வெளிவந்த 'அக்ராஸ் 110த் ஸ்ட்ரீட்' திரைப்படத்தின் தொடக்கத்தில் பணம் எண்ணும் மேசை ஒன்று வருகிறது. நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம் பகுதியில், பழைய அடுக்குமாடிக் கட்டடமொன்றின் அறைக்குள் கறுப்பின ஆட்கள் சிலர் நோட்டுகளை எண்ணிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே 'நம்பர்ஸ்' என்று அழைக்கப்பட்ட, நம்மூர் மூன்று நம்பர் லாட்டரியைப் போன்ற சட்டவிரோதச் சூதாட்டத்தில் ஹார்லெம்வாசிகள் அன்றாடம் கட்டிய சில்லறைப் பணம் அது. அதை வாங்கிப்போக வந்திருப்பவர்கள் மாஃபியாவின் வெள்ளை ஆட்கள். போலீஸ் உடையில் உள்ளே நுழையும் கறுப்பர்கள் 3,00,000 டாலரைக் கொள்ளையடிக்கும்போது துப்பாக்கி வெடித்து அறை பிணக்காடாகிறது. அந்தத் திருடர்களை மாஃபியா ஒருபுறமும் போலீஸ் மறுபுறமும் தேடி அலைவதுதான் மீதிக் கதை. 110ஆம் தெரு சென்ட்ரல் பார்க்கின் வடக்கு விளிம்பு. அதைத் தாண்டினால் ஹார்லெம். தெருவுக்கு வடக்கே வசூலாகும் பணம் தெற்கே போய்ச் சேர்கிறது என்பதை யாரும் வசனம் பேசி விளக்காமலேயே படம் முதல் காட்சியில் சொல்லிவிடுகிறது.

இந்த வகைப் படங்களுக்கு 'பிளாக்ஸ்ப்ளாய்டேஷன்' என்று பெயர். 'எக்ஸ்ப்ளாய்டேஷன்' என்பது அமெரிக்கத் திரை வணிகத்தில் பழைய சொல்; ஏதேனும் ஒரு பரபரப்பை முன்னால் நிறுத்தி, குறைந்த செலவில் எடுத்து, சீக்கிரம் காசு பார்க்கும் படங்களை அப்படி அழைப்பார்கள். அதனோடு 'பிளாக்' என்பதை ஒட்டிய புதுச்சொல்லை 1972இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர், என்ஏஏசிபி என்ற கறுப்பின உரிமை அமைப்பின் ஹாலிவுட் கிளைத் தலைவராக இருந்த ஜூனியஸ் கிரிஃபின். அந்தச் சொல்லுக்குச் 'சுரண்டல்' என்ற நேர்ப்பொருளும் உண்டு. கிரிஃபின் குறிவைத்தது அதைத்தான். வசையாகப் பிறந்த சொல் பிற்பாடு ஒரு திரைப்பட வகையின் பெயராகவே நிலைத்துவிட்டது.

தோல் கோட்டு, நீளமான கார், பிரம்மாண்டமான சுருட்டை முடி, துள்ளலான இசை என்றுதான் இந்தப் படங்கள் பொதுவாக நினைவில் தங்கியிருக்கின்றன. அவற்றின் அரசியலைப் பற்றிப் பேசுபவர்களும் வெள்ளைக்காரனை அடிக்கும் கறுப்புக் கதாநாயகன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். என் பார்வையில் இவற்றின் அரசியல் பணத்தின் தடத்தில் இருக்கிறது. இவற்றுள் தேறிய படங்கள் எல்லாமே தெருமுனையில் கைமாறும் பணம் கடைசியில் யாரிடம் போகிறது என்று கேட்டு, அதன் பின்னாலேயே மாஃபியாவின் வீட்டுக்கும் காவல்துறைத் தலைமையகத்துக்கும் நகர்மன்றத்துக்கும் படியேறிப் போகின்றன. அவ்வளவு தூரம் போன பிறகு, முடிவில் பணம் ஒரே ஒருவனுடைய பெட்டியில் அடைபட்டு ஊரைவிட்டு வெளியேறுகிறது. தெரு இருந்தபடியே இருக்கிறது. அந்தக் கேள்வியின் துணிச்சலையும் அந்த முடிவின் தயக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தப் படங்கள் பிடிபடும்.

இவை தோன்றிய காலத்தைச் சற்று நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். 1964இல் குடிமை உரிமைச் சட்டமும் 1965இல் வாக்குரிமைச் சட்டமும் நிறைவேறின. ஆனால் வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தான அதே ஆகஸ்டு மாதத்தில் லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதி பற்றி எரிந்து 34 பேர் இறந்தார்கள். 1967இல் டெட்ராய்ட்டில் 43 பேர். தெற்கு மாநிலங்களின் சட்டப்பூர்வமான ஒதுக்கலை ஒழித்த சட்டங்களால் வடக்கு நகரங்களின் வேலையின்மையையும் நெருக்கடியான குடியிருப்புகளையும் போலீஸ் அடக்குமுறையையும் தொட முடியவில்லை. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். 1969 டிசம்பரில் சிகாகோவில், 'பிளாக் பேந்தர்' எனப்பட்ட கறுப்பினப் போராளிகளின் கருஞ்சிறுத்தைகள் கட்சியின் இளம் தலைவர் ஃபிரெட் ஹாம்ப்டனை அவர் படுத்திருந்த அறையிலேயே போலீஸ் சுட்டுக் கொன்றது. இத்தகைய இயக்கங்களை உள்ளிருந்து குலைக்க எஃப்பிஐ நடத்திய ரகசியத் திட்டம் 1971இல் அம்பலமானது. (அந்தச் சிறுத்தையின் பெயரைத்தான் 1972இல் பம்பாயில் தலித் இளைஞர்கள் தங்கள் இயக்கத்துக்குச் சூட்டினார்கள், தமிழ்நாட்டில் இன்று நாம் அறிந்த சிறுத்தைகளின் பெயர் அந்த வழியில் வந்ததே.)

திரைத்துறைக்கு வேறு கவலை இருந்தது. 1960களின் இறுதியில் பெரும் பொருட்செலவில் எடுத்த படங்கள் தோற்று ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் கடனில் தத்தளித்தன. வெள்ளை நடுத்தர வர்க்கம் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்ததால் நகர மையங்களிலிருந்த மாபெரும் திரையரங்குகள் காற்று வாங்கின. அவற்றைச் சுற்றி வாழ்ந்தவர்கள் இப்போது கறுப்பின மக்கள். மக்கள்தொகையில் அவர்கள் சுமார் 11 சதவீதம்தான் என்றாலும், பெருநகரங்களில் டிக்கெட் வாங்குபவர்களில் அவர்களுடைய பங்கு அதைவிடப் பல மடங்கு அதிகம் என்பதைத் தயாரிப்பாளர்கள் தாமதமாகக் கண்டுகொண்டார்கள். அதுவரை அந்தப் பார்வையாளர்களுக்குக் கிடைத்த நாயகன் சிட்னி பாய்ட்டியர் மட்டுமே: கோபத்தை அடக்கத் தெரிந்தவர், வெள்ளையர் வீட்டு விருந்துமேசைக்கு ஏற்றவர். அவருடைய நடிப்பாற்றலில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் வீதி எரிவதை ஜன்னல் வழியாகப் பார்த்த ஒரு தலைமுறைக்கு அந்தப் பொறுமை பொருந்தவில்லை.

1971இல் மெல்வின் வான் பீபிள்ஸ் எடுத்த 'ஸ்வீட் ஸ்வீட்பேக்ஸ் படாஸ் சாங்' அந்த இடைவெளியில் வந்து விழுந்தது. எழுத்து, இயக்கம், இசை, படத்தொகுப்பு, முதன்மை வேடம் எல்லாம் அவரே. சுமார் 5 லட்சம் டாலர் செலவில், அதில் 50,000 டாலரைக் கடனாக வாங்கி எடுத்த படம், டெட்ராய்ட்டிலும் அட்லாண்டாவிலுமாக இரண்டே அரங்குகளில் வெளியாகி, பிறகு 1 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. தணிக்கையில் வயதுவந்தோருக்கு மட்டும் என்ற எக்ஸ் முத்திரை விழுந்தபோது, வெள்ளையர் மட்டுமே அடங்கிய நடுவர் குழு தந்த முத்திரை என்று அதையே விளம்பரமாக்கினார் வான் பீபிள்ஸ். கதை எளியது. விபசார விடுதியில் வளர்ந்த ஒருவனை, பேருக்கு ஒரு கைதி வேண்டும் என்பதற்காகப் போலீஸ் அழைத்துப்போகிறது. வழியில் பிடித்த ஒரு கறுப்பினப் போராளி இளைஞனை அவர்கள் அடித்து நொறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தவன், கைவிலங்காலேயே போலீஸ்காரர்களைத் தாக்கிவிட்டு மெக்சிகோ எல்லை நோக்கி ஓடுகிறான். அவ்வளவுதான். அவன் பேசும் வசனங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பெயர்ப் பட்டியலில் நடிப்பு என்ற இடத்தில் 'கறுப்பினச் சமூகம்' என்று போட்டிருந்தார்கள். சட்டத்தை மீறிய கறுப்பன் தப்பிப் பிழைத்து எல்லையைக் கடப்பதே அன்றைய திரையில் நம்ப முடியாத முடிவாக இருந்தது.

கருஞ்சிறுத்தைகளின் தலைவர் ஹியூயி நியூட்டன் தம் கட்சிப் பத்திரிகையின் ஒரு இதழையே இந்தப் படத்துக்கு ஒதுக்கிப் புரட்சிப் படம் என்று கொண்டாடினார். கட்சியினர் எல்லாரும் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். 'எபோனி' என்ற கறுப்பின இதழில் வரலாற்றாசிரியர் லெரோன் பென்னட் கடுமையாக எதிர்த்தார்: பட்டினியையும் விபசாரத்தையும் வீரமாக அலங்கரிப்பதில் புரட்சி எங்கே இருக்கிறது, படுக்கையறை வழியாக எந்த மக்கள் விடுதலை பெற்றிருக்கிறார்கள் என்பது அவர் கேள்வி. பெண்களை அந்தப் படம் கையாளும் விதத்தைப் பார்த்தால் பென்னட்டின் பக்கம் சாயாமல் இருக்க முடியவில்லை. ஆனாலும் அந்தப் படத்தின் லாபம் எடுத்தவனிடமே வந்தது என்ற ஒன்றை அவரால்கூட மறுக்க முடியாது. பின்னால் வந்த படங்களுக்கு அந்தப் பேறு பெரும்பாலும் வாய்க்கவில்லை.

அதே ஆண்டில் எம்ஜிஎம் நிறுவனம் வெளியிட்ட 'ஷாஃப்ட்' இந்தக் கோபத்தைச் சட்டையில் இஸ்திரி போட்டு அணிந்துகொண்டது. இயக்கியவர் 'லைஃப்' பத்திரிகையின் புகழ்பெற்ற புகைப்படக்காரர் கோர்டன் பார்க்ஸ். நாயகன் ரிச்சர்ட் ரவுண்ட்ட்ரீ. மூல நாவலை எழுதியவர் எர்னஸ்ட் டைடிமன் என்ற வெள்ளையர். தனியார் துப்பறிவாளன் ஜான் ஷாஃப்டுக்கு நகரத்தில் எல்லாக் கதவுகளும் திறக்கின்றன, டாக்சியின் கதவைத் தவிர. கைகாட்டிய ஷாஃப்டைக் கடந்து போய் ஒரு வெள்ளைக்காரரை ஏற்றிக்கொள்கிறது ஒரு டாக்சி. அந்தச் சில நொடிகள் படத்தின் பாதிச் சண்டைகளைவிடக் கூர்மையானவை. ஹார்லெம் தாதாவின் மகளை மாஃபியா கடத்திவிட, மீட்கும் வேலை ஷாஃப்டிடம் வருகிறது. காவல்துறைக்கு இதில் ஒரே பயம்தான்: உள்ளே நடப்பது இரண்டு கும்பல்களின் சண்டை, வெளியே அது கறுப்பர் வெள்ளையர் போராகத் தெரிந்து நகரம் மறுபடி பற்றி எரிந்துவிடுமோ என்பது. மீட்புப் படைக்கு ஷாஃப்ட் திரட்டுவது தன் பழைய நண்பனின் புரட்சிக் குழுவை, அதுவும் தாதாவின் பணத்தில். புரட்சிக்காரர்கள் இங்கே கூலிக்கு வந்த துணைப்படை ஆகிவிடுகிறார்கள். பாடலுக்காக ஐசக் ஹேய்ஸ் ஆஸ்கர் வாங்கினார். அந்தப் பிரிவில் வென்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவர். நெருக்கடியில் இருந்த எம்ஜிஎம்முக்குப் படம் பெரிய ஆறுதலாக அமைந்தது.

அடுத்த ஆண்டு, 'ஷாஃப்ட்' இயக்குநரின் மகன் கோர்டன் பார்க்ஸ் ஜூனியர் இயக்கிய 'சூப்பர் ஃப்ளை' இந்த வகையின் ஆகச் சிக்கலான படம். இதன் நாயகன் ப்ரீஸ்ட் கோகெயின் வியாபாரி. 30 கிலோ சரக்கை ஒரே மூச்சில் விற்று, கூட்டாளியோடு லாபத்தைப் பிரித்துக்கொண்டு தொழிலைவிட்டு வெளியேறிவிட வேண்டும் என்பது அவன் திட்டம். கூட்டாளி எடிக்கு அது புரியவே இல்லை. ஒவ்வோர் அறையிலும் கலர் டிவி, பாட்டுக் கேட்க ஸ்டீரியோ, மூக்குக்குத் தினமும் சரக்கு, அமெரிக்கக் கனவு என்பது இதுதானே என்று கேட்கிறான். இது கேடுகெட்ட ஆட்டம்தான், ஆனால் 'தி மேன்' நமக்கென்று விட்டுவைத்த ஒரே ஆட்டம் இது என்கிறான். 'தி மேன்' என்ற இந்தச் சொல் கறுப்பின மக்களின் பேச்சில் போலீசையும் முதலாளியையும் வெள்ளை அதிகாரத்தையும் ஒருசேரக் குறிப்பது. தமிழில் அதற்கு மிக அருகில் வரும் சொல் 'ஆண்டை' என்று நினைக்கிறேன். சொல்பவனின் பணிவும் வெறுப்பும் ஒரே மூச்சில் வெளிப்படும் சொல்.

ப்ரீஸ்ட் தன் பணத்தின் தடத்தைப் பிடித்து மேலே போகப் போக, தன் சரக்கின் மூலவர் காவல்துறையின் துணை ஆணையரே என்று தெரிகிறது. இதை மிகைக் கற்பனை என்று ஒதுக்க அன்றைய நியூயார்க்வாசி எவரும் துணிந்திருக்க மாட்டார். ஃபிராங்க் செர்பிகோ என்ற போலீஸ்காரர் கிளப்பிய லஞ்சப் புகார்களைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட நாப் ஆணையம் 1971இல் பொது விசாரணை நடத்தி, சில்லறை லஞ்சம் வாங்குபவர்களைப் 'புல் மேய்பவர்கள்' என்றும் தேடிப்போய் வேட்டையாடுபவர்களை 'இறைச்சி தின்பவர்கள்' என்றும் வகைப்படுத்தியிருந்தது. 'சூப்பர் ஃப்ளை' 1972 ஆகஸ்டில் வெளியானது. அந்த டிசம்பரில், நியூயார்க் காவல்துறையின் பொருள் பாதுகாப்பு அறையில் வைத்திருந்த, பிடிபட்ட ஹெராயின் ஏராளமாகத் திருடப்பட்டது தெரியவந்தது.

படத்தில் மூன்று காட்சிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். முதலாவது, படத்துக்கு இசையமைத்த கர்ட்டிஸ் மேஃபீல்டின் பாடல் பின்னணியில் ஒலிக்க, அசையாப் புகைப்படங்களாகவே விரியும் தொகுப்பு: சரக்கு தயாராவது, பொட்டலமாவது, கைமாறுவது, கட்டடத் தொழிலாளி முதல் வசதியான வெள்ளையர்வரை உறிஞ்சுவது. ஒரு பண்டத்தின் சந்தையைச் சில நிமிடங்களில் இவ்வளவு துல்லியமாகக் காட்டிய வேறு வணிகப் படம் எனக்கு நினைவில்லை. இரண்டாவது, உணவகத்தில் ப்ரீஸ்டை மறிக்கும் போராளிகள், நம் மக்களிடம் சம்பாதிக்கிறாய், இயக்கத்துக்குப் பங்கு கொடு என்று கேட்பது. நீங்கள் துப்பாக்கி எடுத்து நிஜமாகவே இறங்கும் நாளில் முன்வரிசையில் நான் நிற்பேன், அதுவரை உங்கள் ஊர்வலப் பாட்டை வேறெங்காவது போய்ப் பாடுங்கள் என்று அவன் விரட்டிவிடுகிறான். அரங்கில் கைதட்டல் வாங்கிய வசனம் அது. கேள்வி நியாயமானது என்பதைக் கைதட்டல் மூழ்கடித்துவிடுகிறது. மூன்றாவது, முடிவு. போலீஸ்காரர்கள் பிடுங்கித் திறக்கும் பெட்டியில் பழந்துணி இருக்கிறது. பணம் ஏற்கெனவே காதலியின் கையில் வேறு வழியாகப் போய்விட்டது. தனக்கு ஏதாவது நேர்ந்தால் துணை ஆணையரைக் கொல்ல ஆட்களுக்குப் பணம் கட்டியிருப்பதாகவும், அவர்கள் வெள்ளைக்காரர்கள் என்றும் சொல்லிவிட்டு ப்ரீஸ்ட் காரில் ஏறிப் போகிறான். துணை ஆணையர் அதே பதவியில்தான் இருக்கிறார். நாளைக் காலை வேறொருவன் ப்ரீஸ்டின் இடத்தில் நிற்பான்.

மேஃபீல்டின் பாடல்கள் இந்தப் படத்தோடு மல்லுக்கு நிற்கின்றன என்பதைக் குறிப்பிட வேண்டும். படம் ஒரு கணத்தில் கடந்துபோகும் ஃபிரெடி என்ற சில்லறை ஆளின் சாவை ஒரு முழுப் பாட்டாக்கி, அவனைப் பயன்படுத்திக் கைவிட்டவர்களை அது கேள்வி கேட்கிறது. திரை ப்ரீஸ்டின் கோட்டையும் காரையும் காட்டி மயக்க, ஒலித்தடம் செத்தவனுக்கு ஒப்பாரி வைக்கிறது. அந்த இசைத்தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

கறுப்பின மக்களின் விடுதலை வணிகத்தின் வழியாக வரும் என்ற கொள்கை அப்போது வெள்ளை மாளிகையிலிருந்தே ஒலித்துக்கொண்டிருந்தது. 1968 தேர்தலில் ரிச்சர்ட் நிக்சன் 'கறுப்பு முதலாளித்துவம்' என்று பேசினார். 1969இல் சிறுபான்மையினர் தொழில் முனைவுக்கென்று ஓர் அலுவலகமும் அமைத்தார். தாதாக்களின் படங்களை இந்தக் கொள்கையின் மேல் எழுதப்பட்ட கசப்பான உரை என்று வாசிக்கலாம். லாரி கோஹன் 1973இல் எடுத்த 'பிளாக் சீசர்' படத்தில் டாமி கிப்ஸ் என்ற சிறுவன் ஹார்லெமில் ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறான். லஞ்சப் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில், பணம் குறைகிறது என்று ஒரு வெள்ளைப் போலீஸ்காரர் அவன் காலை உடைக்கிறார். வளர்ந்து தாதாவாகும் டாமி, மாஃபியாவின் கணக்குப் புத்தகங்களைக் கைப்பற்றுகிறான்: எந்த அதிகாரிக்கு எவ்வளவு என்று எழுதிய பேரேடுகள். நகரத்தின் உண்மையான அரசியல் சாசனம் அந்தப் பேரேடுதான். கடைசியில் அதே போலீஸ்காரரின் முகத்தில் ஷூ பாலிஷைப் பூசி, கறுப்பர்களைக் கேலி செய்ய வெள்ளை நடிகர்கள் முகத்தில் கரி பூசிப் பாடிய பழைய பாட்டைப் பாட வைக்கிறான். திரைக்கே உரிய பழிவாங்கல் அது. அமெரிக்கப் பொழுதுபோக்கின் நூறாண்டு அவமானத்தை ஒரு டப்பா பாலிஷுக்குள் அடக்கிவிடுகிறது. ஆனால் டாமி ஆக விரும்பியது என்ன? தன்னை அடித்தவனின் எசமானாக. அவன் தாய் துடைத்துப் பெருக்கிய பணக்கார வீட்டையே விலைக்கு வாங்கி அவளிடம் கொடுக்கும்போது அவளுக்கு அது மகிழ்ச்சியைத் தருவதில்லை.

போதைப்பொருளை எதிர்க்கும் படங்கள் தனிக் கிளை. நிக்சன் 1971 ஜூனில் போதைப் பழக்கத்தை நாட்டின் முதல் எதிரி என்று அறிவித்தார். 1973இல் நியூயார்க் ஆளுநர் ராக்ஃபெல்லர் கொண்டுவந்த சட்டங்கள் போதைக் குற்றங்களுக்குக் கடுஞ்சிறையை விதித்து, அடுத்த பல பத்தாண்டுகளுக்குக் கறுப்பின இளைஞர்களைச் சிறைக்குள் தள்ளின. அதே 1973இல் ஒசி டேவிஸ் இயக்கிய 'கோர்டன்ஸ் வார்' படத்தில், வியட்நாமிலிருந்து திரும்பும் வீரன் தன் மனைவி ஹெராயினுக்குப் பலியானதை அறிந்து, உடன் போரிட்ட நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஹார்லெமின் வியாபாரிகள்மீது போர் தொடுக்கிறான். அரசு ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் கற்றுக்கொடுத்த கலை சொந்தத் தெருவில்தான் பயன்பட்டது.

இந்தக் கிளையின் உச்சம் ஜாக் ஹில் எழுதி இயக்கிய 'காஃபி' (1973). பாம் கிரியர் ஏற்ற காஃபி என்ற பாத்திரம் மருத்துவமனைச் செவிலியர். 11 வயதுத் தங்கையைப் போதைக்கு அடிமையாக்கியவர்களைத் தேடிச் சென்று கொல்கிறாள். இரவில் ஷாட்கன்னால் ஒருவனைக் கொன்றுவிட்டு நேராக அறுவைச் சிகிச்சை அறைப் பணிக்குப் போய்க் கை நடுங்க நிற்கும் தொடக்கக் காட்சியில் பழிவாங்கலின் விலை தெரிகிறது. அவளுடைய காதலன் ஹோவர்ட் பிரன்ஸ்விக் நகர்மன்ற உறுப்பினர், நாடாளுமன்றத்துக்குப் போக ஆசைப்படுபவர், போதைப்பொருள் என்பது நம் மக்களை ஒடுக்க வெள்ளை அதிகாரம் செய்யும் சதி என்று மேடையில் முழங்குபவர். பிறகு மாஃபியாக்காரர்களோடு உட்கார்ந்து, கறுப்பு, பழுப்பு, மஞ்சள் எதுவும் எனக்குப் பொருட்டல்ல, நான் பார்ப்பது டாலரின் பச்சை நிறத்தை மட்டுமே என்று அவரே சொல்கிறார். லாஸ் ஏஞ்சலிஸ், டெட்ராய்ட், அட்லாண்டா ஆகிய மூன்று பெருநகரங்களும் முதன்முதலாகக் கறுப்பின மேயர்களைத் தேர்ந்தெடுத்த ஆண்டில் இந்த வசனம் திரையில் ஒலித்தது. மேடைப் பேச்சு முழுக்க உண்மை, பேசுபவர் முழுக்கப் பொய் என்ற இந்த நிலையை இவ்வளவு பச்சையாகச் சொன்னதற்காகவே இந்தப் படத்தை நான் மதிக்கிறேன். கடைசியில் ஹோவர்ட் பேசிப் பேசி அவள் மனத்தைக் கிட்டத்தட்டக் கரைத்துவிடுகிறார். படுக்கையறையிலிருந்து ஒரு வெள்ளைப் பெண் வெளியே வரும்போதுதான் ஷாட்கன் வெடிக்கிறது. அரசியல் துரோகத்துக்கு விழாத குண்டு அந்தரங்கத் துரோகத்துக்கு விழுகிறது. கிரியரின் உடலைக் காட்டுவதில் கேமராவுக்கு இருந்த பேராசை தனிக்கதை. அதிகாரம் அவள் கையில், பார்வை மட்டும் ஆண்களுடையது.

அடுத்த ஆண்டின் 'ஃபாக்ஸி பிரவுன்' படத்தில் சண்டைகள் மறந்துபோனாலும் நாயகியின் தம்பி லிங்கின் பேச்சு மறக்காது. போதை வியாபாரத்தில் இறங்கியதற்காக அக்கா திட்டும்போது அவன் சொல்கிறான்: நான் கறுப்பன், எனக்குப் பாடத் தெரியாது, ஆடத் தெரியாது, சர்ச்சில் பிரசங்கம் செய்யத் தெரியாது, கால்பந்து ஆட உடம்பு போதாது, மேயராக முகம் போதாது, ஆனால் டிவியில் பெரிய வீடுகளையும் கார்களையும் பார்க்கும்போது எனக்கும் ஆசை பொங்குகிறது, இந்த ஆசையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது, நீயே சொல். அக்காவிடம் பதில் இல்லை. 'அக்ராஸ் 110த் ஸ்ட்ரீட்' கொள்ளையன் ஜிம் ஹாரிசும், படிப்பில்லாத, தொழில் தெரியாத, வலிப்பு நோயுள்ள முன்னாள் கைதிக்கு வேறென்ன வழி என்று தன் துணைவியிடம் இதையேதான் கேட்கிறான். சுற்றிவளைக்கப்பட்ட ஹாரிஸ் மொட்டை மாடியிலிருந்து பணப் பையைக் கீழே விளையாடும் குழந்தைகளிடம் எறிந்துவிட்டுச் சாகிறான். ஹார்லெமில் வசூலான பணம் ஹார்லெமிலேயே சிதறுவது அந்த ஒரு முறைதான்.

எதிர்ப்பு 1972இலேயே திரண்டது. என்ஏஏசிபி, மார்ட்டின் லூதர் கிங் தலைமை வகித்த தென்மாநிலக் கிறித்தவத் தலைமை மாநாடு, கோர் எனப்பட்ட இனச் சமத்துவப் பேரவை ஆகிய அமைப்புகள் சேர்ந்து பிளாக்ஸ்ப்ளாய்டேஷனுக்கு எதிரான கூட்டணியை அமைத்தன. இளைஞர்களுக்குப் போதை வியாபாரியும் விபசாரத் தரகனும் முன்மாதிரி ஆகிறார்கள் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. எனக்கு இதைவிட வலுவாகத் தெரிவது அவர்களுடைய மற்றொரு புகார்: நூற்றுக்கும் மேற்பட்ட இந்தப் படங்களில் பெரும்பாலானவற்றை எழுதியவர்களும் தயாரித்தவர்களும் விநியோகித்தவர்களும் வெள்ளையர்கள், கறுப்பினப் பகுதிகளின் டிக்கெட் காசு ஹாலிவுட்டுக்குப் போனது. நம்பர்ஸ் பணம் 110ஆம் தெருவைத் தாண்டிய அதே திசை. நடிகர்களின் பதில் வேறாக இருந்தது. கறுப்பினப் பாத்திரத்துக்கு டூப் போட வெள்ளையருக்கு முகத்தில் சாயம் பூசிய துறையில், அதற்கு எதிராகக் கறுப்பின ஸ்டன்ட் கலைஞர்கள் சங்கம் அமைக்க வேண்டியிருந்த துறையில், இந்தப் படங்கள்தாம் நூற்றுக்கணக்கானவர்களுக்கு முதல் வேலையும் யூனியன் அட்டையும் தந்தன. சோற்றுக்கு வழி இல்லாதவனிடம் முன்மாதிரி பற்றிப் பேசாதீர்கள் என்ற தொனி அவர்கள் பேச்சில் இருந்தது. லிங்கின் கேள்வியின் மறுவடிவம்.

இழுபறிக்குத் தீர்ப்புச் சொன்னது வணிகம்தான். 'காட்ஃபாதர்', 'எக்ஸார்சிஸ்ட்' போன்ற படங்களுக்கும் கறுப்பினப் பார்வையாளர்கள் திரளாக வருவதைக் கண்ட ஸ்டுடியோக்கள், அவர்களுக்கென்று தனிப் படம் எடுப்பது வீண் என்று முடிவுகட்டின. 1970களின் நடுவில் வரத்து வற்றியது.

இத்தனை படங்களுக்கு நடுவே, ஒருவன் தப்பிப்பதோடு முடியாத ஒன்றும் இருந்தது. சாம் கிரீன்லீ தாம் எழுதிய நாவலைத் தழுவி, ஐவன் டிக்சன் இயக்கத்தில் 1973இல் வந்த 'தி ஸ்பூக் ஹூ சாட் பை தி டோர்'. தேர்தலில் கறுப்பின ஓட்டுத் தேவைப்படும் ஒரு செனட்டரின் அழுத்தத்தால் சிஐஏ ஒரே ஒரு கறுப்பரைச் சேர்த்துக்கொண்டு, அடித்தளத்தில் நகலெடுக்கும் பிரிவில் உட்கார வைக்கிறது; வருபவர்களுக்குக் காட்ட வாசலருகே ஒரு முகம். டான் ஃப்ரீமன் ஐந்து ஆண்டுகள் பணிவாகக் கற்றுக்கொண்டு, சிகாகோவுக்குத் திரும்பி, தெருக் கும்பல் ஒன்றைக் கெரில்லாப் படையாகப் பயிற்றுகிறார். துடைப்பமோ தட்டோ கையில் இருக்கும் கறுப்பன் இந்த நாட்டில் எங்கே வேண்டுமானாலும் நுழையலாம், யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள் என்பது அவர் கற்றுத்தரும் பாடம். துப்புரவுப் பணியாளர் வேடத்தில் ஒரு பெரிய நிறுவனத் தலைவரின் அறைக்குள் புகுந்து அவருடைய புகைக்குழாயைத் தூக்கி வருவது அதற்கான தேர்வு. அவர்களும் வங்கியைக் கொள்ளையடிக்கிறார்கள், நிறம் வெளுத்த உறுப்பினர்களை அனுப்பி. சாட்சிகள் வெள்ளையர் கொள்ளை என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பணம் எவனுடைய பெட்டிக்கும் போவதில்லை, இயக்கத்துக்குப் போகிறது. ப்ரீஸ்டை உணவகத்தில் மறித்தவர்கள் கேட்ட பங்கு இந்தப் படத்தில்தான் கொடுக்கப்படுகிறது.

படத்துக்கான பணத்தில் பெரும்பகுதி கறுப்பினத் தனிநபர்களிடமிருந்து சிறுகச் சிறுகத் திரட்டப்பட்டது. சிகாகோவில் எடுக்க வழியில்லாததால், கறுப்பின மேயர் ரிச்சர்ட் ஹாட்சர் ஆட்சி செய்த, அருகிலுள்ள கேரி நகரில் பெரும்பாலான காட்சிகள் எடுக்கப்பட்டன. பணம் தீர்ந்த கட்டத்தில் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்துக்குச் சண்டைக் காட்சிகளை மட்டும் காட்டி, வழக்கமான பிளாக்ஸ்ப்ளாய்டேஷன் படம் என்று நம்ப வைத்ததாகப் படக்குழுவினர் பிற்காலத்தில் சொன்னார்கள். வெளியாகிச் சில வாரங்களில் படம் அரங்குகளிலிருந்து மறைந்தது, பிரதிகளும் காணாமற்போயின. வேறொரு தலைப்பின்கீழ்ச் சேமிப்பறையில் கிடந்த நெகட்டிவிலிருந்து 2004இல் டிவிடி வந்தது. 2012இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதைத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது.